சிறுபான்மையோர் இதழ்களும் அராபிய–யூத உறவின் தொடக்கமும்



பாலஸ்தீனம் என்னும் பெயரைக் கேட்டதும் உங்கள் நினைவுக்கு வருவன போர்களே. 1948, 1956, 1967, 1973 என்று போர் நடந்த ஆண்டுகளை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் மாணவர் பலரை நான் பார்த்திருக்கிறேன். வரலாறு கற்பித்த 35 ஆண்டுகளில் அவ்வாண்டுகளை நானும் கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆயினும், எந்தப் பகையும் பீரங்கியோடு பிறப்பதில்லை. பீரங்கி முழங்குவதற்கு நெடுநாள் முன்பே பேச்சு நிகழ்ந்திருக்கும், வழக்கு நிகழ்ந்திருக்கும், ஒருவர்மேல் ஒருவர் ஐயம் கொண்டிருப்பர். அராபியருக்கும் யூதருக்கும் இடையே அரசியல் பேச்சு முதன்முதலில் எவ்வாறு தொடங்கியது, அதை யார் நடத்தினர் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அப்பேச்சு நிகழ்ந்த காலம், பெரும்பாலும் 1908 முதல் 1914 வரையிலான ஆறு ஆண்டுகள். நிகழ்ந்த இடங்கள் ஹைஃபா, யாஃபா, ஜெருசலேம் என்னும் மூன்று நகரங்கள். யாஃபா என்பது விவிலியத் தமிழில் யோப்பா என்று வழங்கும் துறைமுகந்தான். பேச்சை நடத்தியவர் மன்னரும் அல்லர், தளபதியரும் அல்லர். சிறிய அச்சுக்கூடங்களில் சிறிய பத்திரிகைகளை நடத்திய ஆசிரியர்கள். அவர்களுள் முன்னின்றோர், தத்தம் சமுதாயத்திலேயே சிறுபான்மையராக இருந்தவர்கள். இச்செய்தி சிந்தனைக்குரியது.

அந்நாளில் பாலஸ்தீனம் தனி நாடு அன்று. துருக்கியச் சுல்தானின் உதுமானியப் பேரரசில் அடங்கிய சில மாவட்டங்களின் தொகுதியே அது. மக்களுள் மிகப் பெரும்பாலோர் அரபு மொழி பேசும் முஸ்லிம்கள். சற்றுப் பின்னால், 1922-இல் ஆங்கிலேயர் எடுத்த மக்கள் கணக்கைப் பார்த்தால் அளவு விளங்கும். மொத்த மக்கள் ஏறத்தாழ 7,57,000. அவர்களுள் முஸ்லிம்கள் ஏறத்தாழ 5,91,000, யூதர் 84,000, கிறிஸ்தவர் 73,000. ஆகவே கிறிஸ்தவ அராபியர், மொழியால் பெரும்பான்மையரோடு ஒன்றியவர். சமயத்தால் பத்தில் ஒரு பங்கினர்.

யூதருள்ளும் இவ்வாறே ஓர் உட்பிரிவு இருந்தது. 1492-இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து துரத்தப்பட்டு, உதுமானியப் பேரரசில் அடைக்கலம் புகுந்தவரின் வழித்தோன்றல்கள் செபார்டியர் எனப்பட்டனர். இவர்களோடு அரபு நாடுகளிலேயே தொன்றுதொட்டு வாழ்ந்த யூதரும் சேர்ந்திருந்தனர். இவர்கள் அரபு அறிந்தவர்கள், அராபியரோடு கடைத்தெருவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள், சுல்தானின் குடிகள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து யூதர் மிகுதியாக வரத் தொடங்கினர். நாளடைவில் யூத சமுதாயத்தின் தலைமை, பணம், திட்டம் ஆகியன ஐரோப்பியரின் கைக்குச் சென்றன. நாட்டை நன்கறிந்த பழைய யூதர், புதிய இயக்கத்தில் பின்வரிசையில் நிற்கலாயினர்.

ஐரோப்பிய யூதர் ஏன் வந்தனர்? இவ்வினாவுக்கு விடை தெரியாமல் இவ்வரலாற்றைப் படிப்பது அறமாகாது. 1881-லும் 1882-லும் ருஷ்யப் பேரரசில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் கும்பல்களால் சூறையாடப்பட்டன. உயிருக்கு அஞ்சி இலட்சக்கணக்கானோர் நாட்டை விட்டு வெளியேறினர். பெரும்பாலோர் அமெரிக்கா சென்றனர். ஒரு சிறு பகுதியினர், தம் முன்னோரின் திருநாடென்று கருதிய பாலஸ்தீனத்துக்கு வந்தனர். 1896-இல் தியோடர் ஹெர்சல் என்னும் பத்திரிகையாளர், யூதருக்கெனத் தனி நாடு வேண்டும் என்று வற்புறுத்தி நூல் எழுதினார். மறு ஆண்டு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முதல் மாநாடு கூடியது. ஜெருசலேமின் சீயோன் மலையை நினைவுகொண்டு அவ்வியக்கம் சீயோனியம் எனப் பெயர் பெற்றது. 1901-இல் நிலம் வாங்குவதற்கென யூதத் தேசிய நிதியம் நிறுவப்பட்டது. 1908-இல் யாஃபா நகரில் அவ்வியக்கத்தின் அலுவலகமும் திறக்கப்பட்டது.

அதே 1908-ஆம் ஆண்டு ஜூலையில் பேரரசில் ஒரு பெரும் மாறுதல் நிகழ்ந்தது. இளந்துருக்கியர் எனப்பட்டோர் கிளர்ச்சி செய்து, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது முடக்கி வைத்திருந்த அரசியல் சட்டத்தை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவரச் செய்தனர். அதுவரை பத்திரிகைகளின் கழுத்தை நெரித்த தணிக்கை நீங்கிற்று. அடைமழைக்குப் பின் காளான் முளைப்பதுபோலப் பேரரசெங்கும் இதழ்கள் முளைத்தன.

அரபு மொழியில் அவற்றை நடத்த முன்வந்தோருள் கிறிஸ்தவர் தம் தொகைக்கு மிஞ்சிய அளவில் இருந்தனர். இதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பிய, அமெரிக்கச் சமயத் தொண்டர்களின் பள்ளிகளில் அவர்கள் முன்பே பயின்றிருந்தனர். அயல்மொழி அறிந்திருந்தனர், அச்சுத்தொழிலும் கற்றிருந்தனர். எகிப்தில் இன்றும் வெளிவரும் 'அல் அஹ்ராம்' நாளிதழை 1870-களில் தொடங்கியவர், லெபனான் பகுதியைச் சேர்ந்த தக்லா என்னும் கிறிஸ்தவச் சகோதரர் இருவர். கெய்ரோவில் 1889-இல் தோன்றிய 'அல் முகத்தம்' இதழும் சிரியக் கிறிஸ்தவர்களின் முயற்சியே. இவ்வழி வந்தவைதாம் பாலஸ்தீனத்து இதழ்களும்.

முதலில் ஹைஃபா நகருக்குச் செல்வோம். கர்மேல் மலையின் அடிவாரத்தில் அமைந்த துறைமுகம் அது. அம்மலையின் பெயரையே சூட்டி, 1908-ஆம் ஆண்டின் இறுதியில் 'அல் கர்மில்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார் நஜீப் நஸ்ஸார் என்னும் கிறிஸ்தவர். சீயோனியக் குடியேற்றத்தைத் தொடர்ந்து கவனித்து, அதனை எதிர்த்து எழுதிய முதல் அரபு இதழ் என அதனைச் சொல்லலாம். நிலம் எங்கே விற்கப்படுகிறது, யார் விற்கின்றனர், யார் வாங்குகின்றனர் என்பவற்றை அவர் வெளியிட்டார். விற்பவருள் அராபியப் பெருஞ்செல்வரும் இருந்தனர். அவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

1910-இல் நிகழ்ந்த ஒரு நிலவிற்பனை இவ்விதழின் ஆற்றலை வெளிப்படுத்திற்று. நாசரேத்துக்குத் தெற்கே, பரந்த சமவெளியில் அல் ஃபூலா என்னும் சிற்றூர் இருந்தது. அங்கே உழுது பயிரிட்டவர் ஏழைக் குடியானவர். நிலமோ, பெய்ரூத் நகரில் வாழ்ந்த சுர்சுக் என்னும் வணிகக் குடும்பத்துக்கு உரியது. அக்குடும்பத்தார் ஏறத்தாழ 10,000 துனம் நிலத்தை, அதாவது நம் கணக்கில் 2,000 ஏக்கருக்கு மேற்பட்டதை, யூதத் தேசிய நிதியத்துக்கு விற்றனர். சட்டப்படி விற்பனையில் பிழையில்லை. ஆனால் உழுதவன் என்ன ஆவான்? தலைமுறை தலைமுறையாகத் தான் கலப்பை பிடித்த வயலிலிருந்து வெளியேற வேண்டியவன் அவனே. பத்திரம் அவன் பெயரில் இல்லை. வியர்வை மட்டுமே அவனுடையது.

நாசரேத்தின் மாவட்ட அதிகாரியாக இருந்தவர் ஷுக்ரி அல் அஸலி என்னும் டமாஸ்கஸ் நகரத்து முஸ்லிம். அவர் அவ்விற்பனையை நிறைவேற்ற மறுத்தார். மேலதிகாரியின் ஆணை வந்தும் தடுத்துப் பார்த்தார். அவ்வூரில் சிலுவைப் போர்க் காலத்துக் கோட்டை ஒன்றின் இடிபாடு இருந்தது. அக்கோட்டையை 1187-இல் கைப்பற்றியவர் சலாஹுத்தீன். அவ்வீரரின் பெயரையே புனைபெயராகக் கொண்டு, அல் அஸலி 'அல் கர்மில்' இதழில் ஒரு திறந்த மடல் வெளியிட்டார். விற்பனையைத் தடுக்க அவரால் முடியவில்லை. 1911-இல் அந்நிலத்தில் மெர்ஹாவியா என்னும் யூதக் குடியிருப்பு எழுந்தது. ஆனால் அதே ஆண்டில் அல் அஸலி உதுமானியப் பாராளுமன்ற உறுப்பினரானார். ஜெருசலேமின் உறுப்பினரான ரூஹி அல் காலிதியும் அவரும் இப்பொருளைப் பேரரசின் தலைநகரிலேயே எடுத்துப் பேசினர். ஒரு கிராமத்து வரப்பில் எழுந்த முறையீடு, ஒரு சிறு பத்திரிகை வழியாகப் பாராளுமன்றம் ஏறிய வரலாறு இது.

அதே 1911-இல் நஸ்ஸார் வேறொரு செயலும் செய்தார். சீயோனியம் என்றால் என்ன என்று தம் வாசகருக்கு விளக்க எண்ணினார். அதற்கு அவர் தேர்ந்த மூலம் யாது? யூத அறிஞரே ஆங்கிலத்தில் தொகுத்த 'யூதக் கலைக்களஞ்சியம்' என்னும் நூலில் உள்ள கட்டுரை. அதன் பகுதிகளை அரபு மொழியில் தந்து, தம் கருத்துரைகளையும் சேர்த்துச் சிறு நூலாக வெளியிட்டார். எதிர்த்தரப்பின் கருத்தை அத்தரப்பின் வாயிலாகவே அறிய வேண்டும் என்னும் அவர் முயற்சி பாராட்டத்தக்கது. ஆயின் அந்நூலின் நோக்கம் எச்சரிப்பதே. ஹெர்சலின் இயக்கம் எதை நாடுகிறது என்பதை அராபிய வாசகர் அதில் கற்றனர். ருஷ்யாவில் வீடெரிந்த யூதக் குடும்பத்தின் துயரம் அதே அளவில் அவர்கள் உள்ளத்தைத் தொட்டிருக்குமா என்பது ஐயமே.

இனி யாஃபா நகரம். 1911 ஜனவரியில் அங்கே 'ஃபலஸ்தீன்' என்னும் இதழ் பிறந்தது. நிறுவியவர் ஈஸா அல் ஈஸா. அவருக்குத் துணையாக ஆசிரியப் பொறுப்பேற்றவர் அவர் உறவினர் யூசுப் அல் ஈஸா. இருவரும் கிழக்குத் திருச்சபையாகிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். பத்திரிகை தொடங்கியபோது அவர்கள் முதன்மையாகக் கருதிய வழக்கு யூதரைப் பற்றியதன்று. தம் சொந்தத் திருச்சபையைப் பற்றியது. மக்கள் அனைவரும் அராபியராயிருக்க, ஜெருசலேம் திருச்சபையின் உயர் பதவிகள் யாவும் கிரேக்கத் துறவியரின் கையில் இருந்தன. எங்கள் கோயிலில் எங்களுக்கு உரிமை வேண்டும் என்று அராபியக் கிறிஸ்தவர் போராடினர். அப்போராட்டத்தின் குரலே 'ஃபலஸ்தீன்'. வெளியிலிருந்து வந்தோர் தம் வீட்டில் தலைமை ஏற்பதென்பது அவ்வாசிரியர்களுக்குப் புதிய அனுபவம் அன்று. சீயோனியத்தை அவர்கள் நோக்கிய பார்வையில் இப்பழைய புண்ணின் வலியும் கலந்திருந்தது என்று கருத இடமுண்டு.

ஈஸா அல் ஈஸா செய்த ஓர் ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. யாஃபா வட்டாரத்தில் 100 பேருக்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு சிற்றூருக்கும் தம் இதழின் ஒரு படியை அனுப்பச் செய்தார். எழுத்தறியாதார் மிகுந்த ஊர்களில் ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்பது வழக்கம். நம் நாட்டுத் தேநீர்க் கடைகளில் செய்தித்தாள் படிக்கப்படும் முறையை அறிந்தவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நகரத்துப் படித்த வகுப்பாரின் பொருளாக இருந்த அரசியல், இவ்வாறு உழவனின் முற்றத்தை எட்டியது. நாட்டின் பெயரையே இதழின் பெயராகச் சூட்டியதும் சிறு செய்தியன்று. சுல்தானின் ஆவணங்களில் தனி நாடாக இல்லாத ஒன்று, வாரந்தோறும் தாளின் தலைப்பில் நாடாக நின்றது.

தொடக்கத்தில் 'ஃபலஸ்தீன்' கடும் பகை காட்டவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். யூதக் குடியேறிகளின் உழவுமுறையிலும் உழைப்பிலும் கற்க வேண்டியவை உண்டு என்னும் கருத்துக்கும் அதில் இடமிருந்தது. யூத எழுத்தாளரோடு அது வாதிட்டது. வாதிடுவதும் ஒருவகை உறவேயன்றோ! ஆண்டுகள் செல்லச் செல்லத் தொனி மாறியது. நிலவிற்பனைகள் பெருகின, யூதப் பண்ணைகளில் யூதரே வேலை செய்ய வேண்டும் என்னும் கொள்கை பரவியது, அதனால் அராபியக் கூலியாட்கள் வேலை இழந்தனர். 1914-க்குள் 'ஃபலஸ்தீன்' வெளிப்படையான எதிர்ப்பிதழ் ஆயிற்று. அவ்வாண்டு வசந்தத்தில், இனங்களுக்கிடையே பகை மூட்டுகிறது என்று கூறி அரசாங்கம் அதனை மூடியது. அப்போது ஆசிரியர்கள் வெளியிட்ட அறிக்கையில், தலைமுறைகளாக உடன் வாழும் யூதரோடு தங்களுக்குப் பகையில்லை என்றும், எதிர்ப்பது புதிய இயக்கத்தையே என்றும் வேறுபடுத்திக் கூறினர்.

இவ்வேறுபாட்டை எழுதுவது எளிது, காப்பது அரிது. ஐரோப்பாவில் யூதர்மேல் நெடுங்காலமாக வழங்கிய பழிச்சொற்கள் சில, ஐரோப்பியப் பள்ளிகளின் வழியாகவும் நூல்களின் வழியாகவும் அரபுப் பத்திரிகைகளிலும் புகுந்துவிட்டன. நிலத்தைப் பற்றிய நியாயமான வழக்கோடு, ஓர் இனத்தையே இழிக்கும் நியாயமற்ற சொல்லும் ஒரே பத்தியில் இடம்பெற்றபோது, வழக்கே வலுவிழந்தது.

இனி மறுதரப்பை நோக்குவோம். ஜெருசலேமில் 1909-இல் 'ஹ-ஹேருத்' என்னும் எபிரேய மொழி இதழ் தோன்றியது. பெயரின் பொருள் 'விடுதலை'. அதனை நடத்தியவர் செபார்டிய யூதர். அவர்கள் சீயோனியத்தை ஏற்றவர்களே. ஆயினும் உதுமானியக் குடிமக்கள் என்னும் உணர்வும் அவர்களிடம் வலுவாக இருந்தது. அரபுப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்பதை எபிரேய வாசகருக்கு மொழிபெயர்த்துத் தந்து, அக்கறையோடு கவனித்த இதழ் அது. ஐரோப்பாவிலிருந்து வந்த தலைவர்களுக்கு அரபு தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் பலருக்கு இல்லை. அண்டை வீட்டில் என்ன பேசுகின்றனர் என்பதை அறியாமலே வீடு கட்டிக்கொண்டிருந்தோருக்கு, 'ஹ-ஹேருத்' அண்டை வீட்டின் பேச்சை எடுத்துச் சொல்லிற்று. அரபு மொழியிலேயே நமக்கு ஓர் இதழ் வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது.

இம்முயற்சியில் மூவரை மறத்தல் ஆகாது. முதலாமவர் நிஸ்ஸீம் மலூல். சஃபத் நகரில் பிறந்து எகிப்தில் வளர்ந்த யூதர். கெய்ரோவின் 'அல் முகத்தம்' இதழில் எழுதியவர். பின்னர் யாஃபாவின் சீயோனிய அலுவலகத்துக்காக அரபு இதழ்களைப் படித்து மொழிபெயர்த்தவர். யூதர் அரபு மொழியைக் கற்றே ஆகவேண்டும் என்று 1913-இல் 'ஹ-ஹேருத்' இதழில் அவர் வாதிட்டார். பேரறிஞர் மைமோனிடீஸ் அரபு மொழியில் நூல் இயற்றவில்லையா, அதனால் அவர் யூதர் அல்லாமற் போனாரா என்பது அவர் வாதத்தின் சாரம். அரபு கற்றால் எபிரேயம் மங்கும், யூதத் தன்மை குன்றும் என்று அஞ்சிய பிறர் அவரை மறுத்தனர்.

மற்ற இருவர் கணவனும் மனைவியும் ஆவர். ஷிமோன் மொயால் யாஃபாவில் பிறந்த மருத்துவர். யூதரின் சமய நூலாகிய தல்மூதின் ஒரு பகுதியை அரபு மொழியில் பெயர்த்து 1909-இல் கெய்ரோவில் வெளியிட்டார். தம் சமயத்தைப் பற்றிய தவறான எண்ணங்களை நீக்குவது அவர் நோக்கம். மனைவியார் எஸ்தர் மொயால் பெய்ரூத்தில் பிறந்தவர். 1899-இலேயே கெய்ரோவில் 'அல் ஆயிலா', அதாவது 'குடும்பம்', என்னும் அரபு இதழை நடத்தியவர். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் சோலாவின் வரலாற்றை அரபு மொழியில் எழுதியவர். பெண்கள் எழுதுவதே அரிதாயிருந்த காலம் அது. இவ்விருவரும் முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர், மலூல் முதலானோரின் துணையோடு, யாஃபாவிலிருந்து 'ஸௌத் அல் உத்மானிய்யா' என்னும் அரபு இதழை வெளியிட்டனர். 'உதுமானியத்தின் குரல்' என்பது அப்பெயரின் பொருள். நாம் அனைவரும் ஒரு பேரரசின் குடிகள் என்னும் அடிப்படையில் அராபியரோடு பேச முயன்ற இதழ் அது.

இவ்விரு தரப்பினரையும் ஒருங்கே நோக்குங்கள். அராபியருள் சிறுபான்மையரான கிறிஸ்தவர்; யூதருள் தலைமை இழந்த செபார்டியர். இருவரும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவரைப் போன்றோர். வீட்டுக்குள் பேசுவதும் அவர்கள் காதில் விழும். தெருவில் பேசுவதும் விழும். ஆதலால் வரப்போவதை அவர்களே முதலில் உணர்ந்தனர். அதே காரணத்தால் இருதரப்பாரின் ஐயத்துக்கும் ஆளாயினர். கிறிஸ்தவ ஆசிரியர், பெரும்பான்மை முஸ்லிம்களைவிடத் தாம் குறைந்த நாட்டுப்பற்றினர் அல்லர் என்று நாள்தோறும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. செபார்டிய ஆசிரியர், ஐரோப்பிய யூதரைவிடத் தாம் குறைந்த யூதர் அல்லர் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை என்பது இதுவே. தன் பற்றை மெய்ப்பிக்க வேண்டியவன், மற்றவரைவிட உரக்கப் பேச நேரும். இதழ்களின் சொல் கடுமையானதற்கு இதுவும் ஒரு காரணம் என நான் எண்ணுகிறேன்.

இவற்றினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. சீயோனியத் தலைவர் பலர், அராபியர் எதிர்ப்பை முழுவதும் கிறிஸ்தவப் பத்திரிகையாளர் சிலரின் வேலை என்றே கருதினர். முஸ்லிம்கள் நம் நண்பர். கிறிஸ்தவரே அவர்களைத் தூண்டுகின்றனர் என்னும் கருத்து 'ஹ-ஹேருத்' இதழிலும் அடிக்கடி காணப்பட்டது. உண்மை அதுவன்று. டமாஸ்கஸ் நகரில் முகம்மது குர்து அலி என்னும் முஸ்லிம் அறிஞர் நடத்திய 'அல் முக்தபஸ்' இதழும் இதே வழக்கை எடுத்து எழுதிற்று. அல் ஃபூலாவின் உழவன் எந்தப் பத்திரிகையையும் படித்து வருந்தவில்லை. வயலை இழந்து வருந்தினான். காய்ச்சலைக் காட்டும் கருவியே காய்ச்சலுக்குக் காரணம் என்று கருதுவாருண்டோ? அவ்வாறு கருதியதால், ஒரு சிறுபான்மையின் இதழ் மற்றொரு சிறுபான்மையின் இதழைப் பழித்துக்கொண்டிருக்க, இரு பெருந்தரப்பினரும் எதிரே இருந்த இடரைக் காணாமலே நடந்தனர்.

பத்திரிகையாளர் சமாதானத் தூதும் சென்றனர் என்பதைச் சொல்லாவிடில் இவ்வரலாறு குறைபடும். இஸ்தான்புல்லில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த 'இளந்துருக்கி' என்னும் நாளிதழின் ஆசிரியர் சாமி ஹோக்பெர்க் ஒரு யூதர். அவர் 1913-இல் கெய்ரோவுக்கும் பெய்ரூத்துக்கும் சென்று அராபியத் தலைவரோடு பேசினார். அவ்வாண்டு ஜூனில் முதல் அராபிய மாநாடு பாரிஸ் நகரில் கூடியபோது அங்கும் சென்றார். அம்மாநாடு யூதக் குடியேற்றத்தைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றவில்லை. மறு ஆண்டு கோடையில், லெபனான் மலையில் இருதரப்பினரும் நேரில் கூடிப் பேசலாம் என்னும் எண்ணமும் எழுந்தது. ஆனால் அக்கூட்டம் நடைபெறவேயில்லை. அதற்குள் உலகப் போர் மூண்டுவிட்டது.

போர் அவ்வாசிரியர்களையும் இதழ்களையும் சிதறடித்தது. பத்திரிகைகள் மூடப்பட்டன. ஈஸா அல் ஈஸா அனத்தோலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். நஸ்ஸார் தலைமறைவாக அலைந்தார். அல் ஃபூலாவுக்காக வாதிட்ட ஷுக்ரி அல் அஸலியும், பாரிஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அப்துல் ஹமீது அல் ஸஹ்ராவியும் 1916 மே மாதத்தில் துருக்கிய ஆளுநர் ஜமால் பாஷாவின் ஆணையால் தூக்கிலிடப்பட்டனர். 'ஹ-ஹேருத்' 1917-இல் நின்றது. அதே ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தேசிய இல்லம் அமைய உதவுவதாக ஆங்கில அரசாங்கம் பால்ஃபர் பிரகடனத்தில் உறுதி கூறியது. உதுமானியக் குடிகள் என்னும் பொது அடையாளம் பேரரசோடு மறைந்தது. அவ்வடையாளத்தை நம்பிப் பேசிய மொயால், மலூல் போன்றோரின் காலடி மண்ணே நழுவிற்று.

'அல் கர்மில்' போருக்குப் பின் மீண்டும் வெளிவந்தது. 'ஃபலஸ்தீன்' 1921-இல் மீண்டெழுந்து, பின்னாளில் நாட்டின் பெரிய நாளிதழ்களுள் ஒன்றாயிற்று. 1948 போரில் யாஃபாவின் அராபியருள் மிகப் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. யாஃபாவில் அவ்விதழின் வாழ்வும் அதனோடு முடிந்தது. ஈஸா அல் ஈஸா 1950-இல் பெய்ரூத்தில் காலமானார். யாஃபா இன்று டெல் அவிவ் மாநகராட்சியின் ஒரு பகுதி.

மாணவச் செல்வங்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? பத்திரிகைகள் பகையை உண்டாக்கின என்று சொல்வது தவறு. நிலமும் குடியேற்றமும் நாட்டுரிமையும் பற்றிய வழக்கு உண்மையான வழக்கு. தாளில் எழுதாவிடினும் அது எழுந்தே இருக்கும். மறைவில் நடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஊமைக் குடியானவனுக்கு நாவைத் தந்த புண்ணியம் அவ்விதழ்களுக்கு உண்டு. அண்டை வீட்டாரின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று தம் இனத்தாரை இடித்துரைத்த பெருமையும் உண்டு.

அவர்கள் குறை வேறோரிடத்தில் இருந்தது. இரு தரப்பினரும் ஒருவரையொருவர் படித்தனர், ஊன்றியே படித்தனர். ஆனால் பெரும்பாலும் மறுப்பதற்காகவே படித்தனர். நஸ்ஸார் கலைக்களஞ்சியத்தைப் புரட்டியது எச்சரிப்பதற்கு. மலூல் அரபு இதழ்களை மொழிபெயர்த்தது விழிப்பாயிருப்பதற்கும் விடை சொல்வதற்கும். எதிரியின் சொல்லில் தமக்குப் பயன்படும் பாதி கிடைத்ததும், மறுபாதியை விட்டுவிட்டனர். கிணற்றைப் பாதி தாண்டியவன் எங்கே விழுவான் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. ருஷ்யாவில் எரிந்த வீட்டை அரபு வாசகரும், அல் ஃபூலாவில் இழந்த வயலை எபிரேய வாசகரும் முழுமையாகப் படித்திருந்தால் போரே வந்திராது என்று நான் சொல்லத் துணியேன். வரலாறு அத்துணை எளியதன்று. ஆனால் பேச்சுக்கு இன்னும் சிறிது காலம் கிடைத்திருக்கும். ஆறு ஆண்டுகளே வாய்த்த ஒரு பேச்சுக்கு அது பெரிய செல்வம்.

இன்று அத்தாள்கள் எங்கே உள்ளன என்று கேட்பீர்கள். ஜெருசலேமில் அல் அக்சா பள்ளிவாசலின் நூலகம் பழைய அரபு இதழ்களைப் போற்றிக் காத்து வந்துள்ளது. அவற்றுள் பல கணினியில் படிக்கும் வண்ணம் படமெடுக்கப்பட்டுள்ளன. அதே நகரிலுள்ள இஸ்ரேலின் தேசிய நூலகம், பழைய எபிரேய இதழ்களோடு அரபு இதழ்களையும் கணினி வழியே எவரும் பார்க்கத் திறந்து வைத்துள்ளது. ஒரு காலத்தில் ஒன்றையொன்று சாடிய 'ஃபலஸ்தீன்' இதழும் 'ஹ-ஹேருத்' இதழும் இன்று அருகருகே இருக்கின்றன. இரண்டையும் ஒருங்கே படிக்க வல்ல கண்களுக்காக அவை காத்திருக்கின்றன.

நீங்கள் அரபும் எபிரேயமும் கற்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை, கற்றால் மகிழ்வேன். உங்கள் ஊரிலும் சிறு தொகையினர் நடத்தும் பத்திரிகைகள் உண்டு. உங்களுக்கு உடன்பாடில்லாத கருத்தைச் சொல்லும் பத்திரிகைகளும் உண்டு. அவற்றுள் ஒன்றையேனும் வாரத்துக்கு ஒருமுறை, மறுமொழி தேடும் மனத்தை ஒதுக்கி வைத்து, முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை படியுங்கள். படித்து முடித்த பின், எழுதியவர் ஒப்புக்கொள்ளும் வகையில் அக்கருத்தை உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள். அதன்பின் மறுக்க வேண்டுமானால் மறுக்கலாம். வகுப்பறையில் இப்பயிற்சியை நான் மாணவர்க்குக் கொடுப்பதுண்டு. தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை. ஆயினும் வரலாறு கற்றதன் பயன் இதில் உண்டு.